கொடுவா ஸ்பெஷலின் சரித்திரம்

786
காத்தான்குடி
22.01.1995

நல்லரத்தினம் அண்ணனுக்கு,

நாலரை வருசத்துக்குப் பிறகு இந்தக் கையெழுத்தைப் பார்க்கிறீர்கள். யாருடையது என்று யோசிக்கத் தேவையிராது. உயிரோடுதான் இருக்கிறேன். முறிந்த இடுப்பு மழைக்காலத்தில் தன் வேலையைக் காட்டும். மற்றபடி புடைவைக் கடை, பள்ளிவாசல், வீடு என்று ஏதோ இழுபட்டுப் போகிறது.

சமாதானம் வந்துவிட்டதாம். வலையிறவுப் பாலத்தால் சனங்கள் போய் வருகிறார்கள். மீன் கொண்டு வரும் ஆச்சிப்பிள்ளை, நீங்கள் வவுணதீவில் மனைவியின் ஊரோடு இருப்பதாகச் சொன்னாள். அவளிடமே இதைக் கொடுத்து விடுகிறேன்.

விசயம் இதுதான். நாங்கள் பந்தயம் ஓடிய கொழும்புக் கழகத்துக்கு இந்த வருசம் விழா. மலர் ஒன்று போடுகிறார்கள். இந்த நாட்டிலேயே கட்டிய, எஞ்சின் முன்னால் இருக்கும் ஒற்றை ஆள் கார்களில் இப்போது மிஞ்சியிருப்பது மூன்றோ நாலோதானாம். எங்கள் கார் கொடுவா இருக்கிறதா, இருந்தால் அதன் சரித்திரத்தை எழுதி அனுப்ப முடியுமா, விழாவுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தேன். ஆண்டும் அளவும் மறந்துபோய்விட்டன. உங்களுக்கு மறந்திராது.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. தொண்ணூறு ஆகஸ்டில் என் தம்பி ஜுனைதீன் தொழுகையில் நின்றபடியே சுடப்பட்டு மவுத்தானான். வாவி மீனைப்போல மூஞ்சி நீண்டிருக்கிறது என்று அந்தக் காருக்குக் கொடுவா என்று பெயர் வைத்தவன் அவன். உங்கள் கராஜில் ஸ்பானர் எடுத்துத் தந்து வளர்ந்தவன். நாற்பதாம் நாள் கத்தம் வரை நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வரவில்லை. ஒரு வரி எழுதவுமில்லை.

காரைப் பற்றி மட்டும் எழுதினாலும் போதும்.

சரீப்

*

உ
வவுணதீவு
03.02.1995

தம்பி சரீபுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வீட்டுக்காரி இரத்தினம்மா, 'பதில் எழுதினாத்தான் என்ன, கை தேஞ்சா போயிரும்' என்று ஏசினாள். அதற்குப் பிறகுதான் எழுதுகிறேன்.

ஜுனைதீனின் சேதி வந்தபோது கோட்டைமுனைக் கராஜ் எரிந்து ஒரு மாதம். நாங்கள் இங்கே மாமியார் வீட்டு மாட்டுக் கொட்டிலில் இருந்தோம். காத்தான்குடிக்கு வருவதென்று துறைவரைக்கும் நடந்து வந்தேன். தோணிக்காரன் எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். திரும்பிவிட்டேன். உங்கள் ஆட்களுக்கும் பயம், எங்கள் ஆட்களுக்கும் பயம். உன் முகத்துக்கு எனக்கு அதைவிடப் பயம். சாட்டுச் சொல்ல வேறொன்றும் என்னிடம் இல்லை.

கார் இருக்கிறது. கராஜ் எரிவதற்கு முதல் வாரம் உழவு மெசினில் கட்டி இழுத்து இங்கே கொண்டுவந்தேன். வைக்கோற்போருக்குள் வைத்து மூடியிருக்கிறேன். வருசத்துக்கு வருசம் புது வைக்கோல் வந்ததும் பழையதை விலக்கி, கிறீஸ் பூசி, திரும்ப மூடுவேன். எஞ்சினைக் கழற்றி, சாக்கில் சுற்றி, நெல்லுப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். இயக்கப் பொடியன்மார் இரண்டு தரம் கேட்டு வந்தார்கள். புளொக் வெடித்த எஞ்சின் என்று சொன்னேன்.

சரித்திரம் கேட்டாய். எழுதிக்கொள்.

அறுபத்தொன்பதில் தொடங்கினோம். மண்முனையில் குடைசாய்ந்த டாக்குத்தரின் ஏ-நாற்பது காரின் எஞ்சின். சேஸி இரண்டு தண்ணீர்க் குழாய். எழுபத்திரண்டில் கட்டுக்குருந்த விமான ஓடுபாதையில் முதல் ஓட்டம். கடைசிக்கு முதல் ஆளாக வந்தாய். எஞ்சினில் இருந்து பின்சில்லுக்குப் போகும் ஷாப்ட் உன் ஆசனத்துக்கு அடியால் போனது. அதற்கு மேல் நீ மாட்டு வண்டியில் குந்தியதுபோல இருந்தாய். காற்று முழுவதும் உன் நெஞ்சில்தான் மோதியது.

எழுபத்து மூன்றில் எஞ்சினை இடப்பக்கம் நாலு விரல் தள்ளி, கொஞ்சம் சரித்து வைத்தோம். ஷாப்ட் உன் இடுப்புக்குப் பக்கத்தால் போனது. ஆசனம் ஏழு அங்குலம் இறங்கியது. இந்த யோசனையைச் சொன்னது நான். மலரில் 'நாங்கள்' என்று நீ எழுதுவாய். எழுது. ஆனால் உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

எழுபத்தைந்தில் இரண்டு காபரேட்டர். அந்தச் சித்திரையில் நுவரெலியா மலையேற்றத்தில் இரண்டாம் இடம். எழுபத்தேழில் அதே மலையில் எங்கள் பிரிவில் முதலிடம். அதற்குள் மற்றவர்களெல்லாம் எஞ்சினை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். அதற்கு வேண்டிய கியர்பெட்டி வெளிநாட்டில் இருந்துதான் வரவேண்டும். பிஸ்டன் வளையம்கூட வராத காலம் அது. நாங்கள் முன்னாலேயே இருந்தோம். சனம் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேரை நீ முந்தினாய்.

எண்பத்து மூன்றைப் பற்றி நீயே எழுது.

நல்லரத்தினம்

*

786
காத்தான்குடி
14.02.1995

அண்ணனுக்கு,

இன்று பதினாலாவது நோன்பு. பொழுது போகவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

துறைவரைக்கும் வந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பல தரம் வாசித்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டும்போல இருக்கிறது, கை ஓடவில்லை. உங்கள்மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இப்போதைக்கு அவ்வளவுதான்.

எஞ்சினைச் சரிக்கச் சொன்னது நீங்கள்தான். நாலு விரல் என்றது நான். நீங்கள் மூன்று விரலோடு நின்றீர்கள். மலரில் 'நாங்கள்' என்றுதான் வரும்.

காரை எடுக்க ஒழுங்கு பார்த்துவிட்டேன். மகள் றபீக்காவின் மாப்பிள்ளை ஹமீட்டை நீங்கள் கண்டதில்லை. லொறி வைத்திருக்கிறான். இப்போது உங்கள் பக்கம் நெல் ஏற்ற வந்து போகிறான். நல்ல பிள்ளை, கொஞ்சம் பயந்தவன். சித்திரை வருசப் பிறப்பு முடிந்ததும் வந்து ஏற்றுவான். பாலத்தைக் கடக்க ஆமியின் அனுமதித் துண்டு நான் எடுத்துத் தருகிறேன். உங்கள் பக்கத்தில் இயக்கத்தின் துண்டை நீங்கள் பாருங்கள்.

ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். அந்தப் பொடியன்மார் எஞ்சினைக் கண்டால் படகுக்குப் பூட்டுவார்கள். ஜுனைதீனைச் சுட்டவர்கள் யார் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காரின் ஒரு ஆணிகூட அவர்களுக்குப் போகக் கூடாது. போகும் என்று தெரிந்தால் சம்மட்டியை எடுத்து நீங்களே உடைத்துவிடுங்கள். எனக்குக் கவலையில்லை.

எண்பத்து மூன்றுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: 'ஆனி மாதக் கடைசி ஞாயிறு, கட்டுக்குருந்த. பதினைந்து சுற்றில் ஒன்பதாவது சுற்று வரை இரண்டாம் இடம். நோன்பிருந்த ஓட்டுநர் மயங்கியதால் கார் பாதையை விட்டு விலகிப் புரண்டது. அதன் பின் ஓடவில்லை.' என் மாமனார் முகைதீன்பாவா இதை வாசித்துவிட்டு, 'இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே மருமகன்' என்றார். நோன்பை விளையாட்டாக்கியதற்கு அல்லாஹ் தந்த அடி என்று பன்னிரண்டு வருசமாகச் சொல்லி வருகிறவர் அவர். நானும் அதைத்தான் நம்புகிறேன். அதற்குப் பிறகு நான் ஸ்டியரிங் பிடிக்காதது அதனால்தான், இடுப்பினால் அல்ல.

சரீப்

*

உ
வவுணதீவு
27.02.1995

தம்பி சரீப்,

அறுவடை. வயல் வட்டையிலேயே கிடக்கிறேன். உடம்பெல்லாம் சுணை. இந்தக் கடிதத்தை நாலு தரம் தொடங்கிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நீ எழுதியதை மலருக்கு அனுப்பாதே. அது பிழை.

முன்னால் எஞ்சின் வைத்த காரில் சூடு முழுவதும் ஓட்டுகிறவனின் காலுக்குத்தான் வரும். உன் பாதம் கொப்பளித்து வருவதை வருசக் கணக்காகப் பார்த்தவன் நான். மற்ற நாட்களில் நீ சாக்கை நனைத்துப் போட்டு, தண்ணீர் குடித்துவிட்டு ஓடுவாய். அன்று நோன்பு. வாய் கொப்பளிக்கக்கூட யோசித்தாய். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. நீ ளுஹர் தொழப் போன நேரத்தில் உன் கால் பக்கத் தகட்டில் இரண்டு கை அகலத்துக்கு ஒரு ஓட்டை வெட்டினேன். காற்று வரட்டும் என்றுதான். ஆசனத்தில் இருந்து பார்த்தால் அது தெரியாது. அவசரத்தில் உன்னிடம் சொல்லவுமில்லை.

அந்தப் பக்கத்தால்தான் புகைக்குழாய் போகிறது. அதன் மூட்டில் ஒரு வெடிப்பு இருந்திருக்கிறது. கார் வேகம் எடுக்க எடுக்க, காற்றோடு புகையும் அந்த ஓட்டையால் உனக்குத்தான் வந்தது. உன்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய பிறகு பார்த்தேன். ஓட்டையின் விளிம்பெல்லாம் கரி. நோன்பு உன்னை மயக்கவில்லை, தம்பி. நான் மயக்கினேன்.

அதோடு விட்டேனா? ஒருவரும் காண முதல் அந்த ஓட்டைக்கு மேலால் ஒரு தகட்டை வைத்து ஆணி அடித்து மூடினேன். நோன்பால்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் பேசாமல் நின்றேன். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, 'இனி நோன்பு காலத்தில ஓட வேணாம் தம்பி' என்றுகூடச் சொன்னேன். அந்தச் சொல் இன்னும் என்னைத் தின்கிறது.

அடுத்த மாதம் கொழும்பு எரிந்தது. பிறகு எல்லாம் எரிந்தது. சொல்வதற்கு நேரம் வரவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

நல்லரத்தினம்

*

786
காத்தான்குடி
15.03.1995

நல்லரத்தினம் அவர்களுக்கு,

பெருநாள் நல்லபடியாக முடிந்தது.

ஓட்டை வெட்டியதற்கு எனக்குக் கோபமில்லை. வேறு யாரும் எனக்காக அதைச் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் பன்னிரண்டு வருசம். ஒவ்வொரு நோன்பிலும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். என் பிள்ளைகளுக்கு முன்னால் மாமனார் என்னை உதாரணம் காட்டுவார். அல்லாஹ்வுக்கு என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு சஜ்தாவும் செய்தேன். இவ்வளவையும் உங்கள் ஒரு வார்த்தை நிறுத்தியிருக்கும். வாவிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்தானே இருந்தோம்.

ஹமீட் ஏப்ரல் பதினெட்டாம் தேதி வருவான். காரையும் எஞ்சினையும் அவனிடம் ஒப்படையுங்கள். அதற்கு மேல் நமக்குள் ஒன்றும் வேண்டாம். அதுவரை என் பொருளில் என்னைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

சரீப்

*

உ
வவுணதீவு
20.04.1995

தம்பி சரீபுக்கு, அவசரம்.

ஹமீட் உயிரோடு இருக்கிறான். முதலில் அதை றபீக்காவிடம் சொல்.

பதினெட்டாம் தேதி மத்தியானம் வந்தான். சோறு தின்றான். காரையும் எஞ்சினையும் ஏற்றி, மேலால் நெல் மூட்டை அடுக்கி அனுப்பினேன். துண்டு என்னிடம் கார்ச் சேஸிக்கு மட்டும்தான் இருந்தது. எஞ்சினுக்குக் கேட்டால் பறித்துவிடுவார்கள் என்று கேட்கவில்லை. பாலத்துக்கு முந்திய இயக்கக் காவலில் மூட்டைகளை இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஒளித்துக் கொண்டுபோகிறான், ஆமிக்காக வந்தவன் என்று பிடித்துவிட்டார்கள். அடுத்த நாள் விடியத் திருகோணமலையில் இயக்கம் நேவிக் கப்பலை அடித்த சேதி. சமாதானம் முடிந்தது, பாலமும் பூட்டு.

இரண்டு நாளாக முகாம் வாசலில் நிற்கிறேன். விசாரணை என்கிறார்கள். நீ இந்தப் பக்கம் வரப் பார்க்காதே. வந்தால் இரண்டு பேராகிவிடும். ஆச்சிப்பிள்ளை தோணியில் வாறாள். அவளிடம் இதைக் கொடுக்கிறேன்.

நல்லரத்தினம்

*

உ
வவுணதீவு
28.04.1995

தம்பி சரீப்,

இதைக் கொண்டுவருகிறவன் ஹமீட். கன்னத்தில் ஒரு காயம், வேறொன்றும் இல்லை. அவனைச் சாப்பிட வைத்துவிட்டு இதை வாசி.

எஞ்சினை அவர்களிடம் கொடுத்துவிட்டேன்.

கொடுத்துவிட்டேன் என்பதும் முழு உண்மையல்ல. அது அவர்கள் கையில்தான் இருந்தது. ஆனால் ஓடவில்லை. மூன்று பேர் முயன்று பார்த்தார்கள். இரண்டு காபரேட்டரையும் ஒன்றுக்கொன்று இசைத்து வைக்க அவர்களுக்குத் தெரியவில்லை. தீப்பொறி கொடுக்கும் மக்னீற்றோவைப் பிழையாகப் பூட்டியிருந்தார்கள். ஐந்தாம் நாள் பொறுப்பாளர் என்னை உள்ளே கூப்பிட்டான். என் மகனாக இருக்கிற வயது. மரியாதையாகத்தான் பேசினான்.

'எஞ்சினப் படகில பூட்டி ஓட வச்சுத் தாங்க ஐயா. அவர விடுறம்.'

'முதல்ல அவர விடுங்க மனே' என்றேன். 'அவர் தோணி ஏறினாப் பிறகுதான் நான் எஞ்சினில கை வைப்பன்.'

அவன் சம்மதிக்கவில்லை. எஞ்சின் ஓடும்வரை ஹமீட் எனக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும் என்பதற்குத்தான் சம்மதித்தான். நான்கு நாள் வேலை. ஹமீட் விளக்குமாற்றுக் குச்சியால் காபரேட்டர் துப்பரவாக்கித் தந்தான். நேற்றுப் பின்னேரம் ஓடியது.

உன்னிடம் கேட்கவில்லை. கேட்டு எழுதி, பதில் வரும்வரை காத்திருக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்த நேரத்தில் பக்கத்துக் கொட்டிலில் ஒருவனை அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு யோசிக்கவில்லை. போன முறை சொல்லப் பன்னிரண்டு வருசம் எடுத்தேன். இந்த முறை அடுத்த நாளே சொல்கிறேன். இதைவிட நல்லவனாக எனக்கு வரவில்லை.

லொறியைத் தரவில்லை. அதைப் பற்றிக் கதைக்கவும் முடியவில்லை. கார் முகாம் வேலியோரம் கிடக்கிறது, மூஞ்சியில் எஞ்சின் இல்லாமல். எஞ்சினுக்கு வருத்தம் வந்தால் பார்க்க நான் இங்கே இருக்க வேண்டுமாம். பாலம் திறந்தாலும் எனக்குத் துண்டு கிடைக்காது. இரத்தினம்மாவுக்கு விளங்கிவிட்டது.

ஜுனைதீனிடம் நான் எப்படி முகம் காட்டுவேன் என்று தெரியவில்லை.

நல்லரத்தினம்

*

786
காத்தான்குடி
21.05.1995

நல்லரத்தினம் அண்ணனுக்கு,

ஹமீட் வந்து மூன்று கிழமையாகிறது. முதல் நாள் றபீக்கா அவன் சட்டைக் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. அவளுக்கு ஏழு மாதம். உங்களுக்கு நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அதைக் கடை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். உங்களைத் தூற்றி ஒரு கடிதம் எழுதினேன். ஆச்சிப்பிள்ளை வந்தபோது கொடுக்கவில்லை. இன்னொன்று எழுதினேன், அதில் நன்றி நன்றி என்று நாலு பக்கம். அதையும் கொடுக்கவில்லை. இரண்டும் பொய்யாக இருந்தன.

ஹமீட் ஒன்று சொன்னான். எஞ்சின் முதலில் ஓடத் தொடங்கியதும் அவர்களுக்குப் போதுமாக இருந்ததாம். கைதட்டினார்களாம். நீங்கள்தான் நிறுத்தச் சொல்லி, திரும்பக் குனிந்து, காதை வைத்துக் கேட்டு, இரண்டாவது காபரேட்டரைக் கால் திருகு திருப்பினீர்களாம். பிறகு எஞ்சின் பஞ்சுபோல ஓடியதாம். அதைக் கேட்டதும் எனக்கு அப்படியொரு கோபம். கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. நாசமாய்ப் போகிறவர்களுக்குக்கூட ஒரு எஞ்சினைக் கெடுத்துக் கொடுக்க உங்களுக்குக் கை வராது. சிரித்து முடித்ததும் அழுதேன். கடையில் ஆள் இருந்தது.

சில பின்னேரங்களில் வாவிப் பக்கம் ஒரு படகுச் சத்தம் கேட்கிறது. எங்கள் எஞ்சினாக இருக்காது, அது வேறெங்கோ போயிருக்கும். ஆனாலும் எழும்பிக் கதவைச் சாத்துகிறேன். ஜுனைதீனை நினைக்கிறேன். இதை நான் உங்களுக்கு மறைக்கப் போவதில்லை. அந்தப் படகு ஏற்றிப் போகிறதெல்லாம் யார் தலையில் விழும் என்று நினைக்கிறேன். அந்த நினைப்பு என்னோடு இருக்கும், உங்களோடும் இருக்கும். நாங்கள் இரண்டு பேரும் சுமக்கத்தான் வேண்டும்.

மலருக்குச் சரித்திரத்தை அனுப்பிவிட்டேன். எண்பத்து மூன்றை மாற்றி எழுதினேன். 'புகைக்குழாய் வெடிப்பினால் ஓட்டுநர் மயங்கினார்' என்று மட்டும். ஓட்டையைப் பற்றி எழுதவில்லை. அது எங்கள் வீட்டு விசயம். மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கார் இப்போது எங்கே என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். எஞ்சினை இடப்பக்கம் சரித்தது 'மெக்கானிக் நல்லரத்தினத்தின் யோசனை' என்று எழுதியிருக்கிறேன். நாலு விரல் என்றது நான்தான், இருந்தாலும் பரவாயில்லை.

உங்களை அங்கே கட்டிப்போட்டது என் வீட்டுப் பிள்ளைக்காக. பள்ளிவாசல் ஆட்களிடமும் செஞ்சிலுவைக்காரரிடமும் உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். பலன் இருக்குமோ தெரியாது. போய்க் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இனி உண்மையை எழுதுகிறேன். இதை எழுதத்தான் மூன்று கிழமை எடுத்தது. ஏன் என்னைக் கேட்கவில்லை என்று உங்கள்மேல் கறுவிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கடையைத் திறக்காமல் இருந்து யோசித்தேன். நீங்கள் கேட்டு எழுதி, அந்தக் கடிதம் என் கைக்கு வந்து, நான் பதில் எழுத உட்கார்ந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன்? ஆமியைப் பார்க்கிறேன், மந்திரியைப் பார்க்கிறேன், கொஞ்சம் பொறுங்கள், அவர்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள் என்றுதான் எழுதியிருப்பேன். ஹமீட் அவர்கள் கையில் இருக்கிறான் என்று தெரிந்தும் எழுதியிருப்பேன். என் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதியிருப்பேன், அண்ணன்.

நீங்கள் என்னைக் கேட்காதது நல்லது.

சரீப்